அத்லோனிலிருந்து கடல் எந்தப் பக்கம்

என் சகலன் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன். என் மகளுக்கு முதன்முதலாகக் கடலைக் காட்டும் நாளை என்னிடமிருந்து எடுத்தவன் அவன்தான். தெரியாமல் எடுத்தேன் என்று அவன் சொல்ல முடியாது. நான் வாய்விட்டுக் கேட்டிருந்தேன். அவன் சரி என்று சொல்லியிருந்தான். ரெலிபோன் ஸ்பீக்கரில் இருந்தது. என் மனைவியும் கேட்டாள், அவளுடைய தங்கையும் கேட்டாள். அந்தத் தங்கையின் புருஷன்தான் இவன்.

முன்பு பாரிசுக்குப் பக்கத்தில் திரான்சியில் இருந்தவன். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கையில் வந்த வருடமே, பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று குடும்பத்தோடு அயர்லாந்துக்குப் போய்விட்டான். அத்லோன் என்று ஒரு ஊர். நாட்டின் நட்டநடுவில் இருக்கிறது. அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. சனி ஞாயிறு லீவு. வீட்டுக்கு முன்னால் புல், பின்னால் புல். ஏழு பேர் ஏறக்கூடிய கார். காரின் பின்பக்கத்தில் எப்போதும் நான்கு மடிப்புக் கதிரைகள் கிடக்கும். அந்தக் கதிரைகளைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வெளியே போவதற்கென்றே கதிரை வாங்கி வைத்திருக்கிற மனிதன்.

நான் பாரிசில், லா சப்பலில் ஒரு தமிழ்க் கடையில் மரக்கறிப் பக்கம் நிற்கிறேன். பதினெட்டு வருடம். ஓல்னேயிலிருந்தும் திரான்சியிலிருந்தும் சனம் ஞாயிற்றுக்கிழமைதான் சாமான் வாங்க வரும். ஆகவே எனக்கு ஞாயிறு கிடையாது. செவ்வாய்தான் லீவு. செவ்வாயில் மகளுக்குப் பள்ளிக்கூடம். மாலையில் அவள் பொண்டியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரும்போது நான் இருப்பேன். அந்த நேரத்தில் எந்தக் கடலுக்குப் போவது?

அவளுக்குப் பதின்மூன்று வயது. பாரிசிலிருந்து ரெயிலில் இரண்டு மணித்தியாலம் போனால் கடல் வரும். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பதின்மூன்று வருடத்தில் அந்த இரண்டு மணித்தியாலத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. இந்தக் கோடையில் போவோம், அடுத்த கோடையில் போவோம் என்று சொல்லியே வந்தேன். நான் யாழ்ப்பாணக் கடற்கரையில், கரையூரில் பிறந்தவன். கடல் என்றால் இதுதான் என்று அவளுக்குக் காட்ட வேண்டியவன் நான் என்று மனதில் ஒரு பிடிவாதம். இரண்டு வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைக் கடற்கரைக்கு ஐந்து நாள் கூட்டிக்கொண்டு போனார்கள். கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாள் வந்தது. நான் போடவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று ஆசிரியைக்குப் பொய் சொன்னேன். மகள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. ஆசிரியை காட்டுவதற்கு அது என்ன அவர்களுடைய கடலா என்று அப்போது நினைத்தேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். ஆனால் அது என் மகளுக்கும் எனக்கும் இடையில் உள்ள விசயம். சகலனுக்கு அதில் பங்கில்லை.

இந்தக் கோடையில் மனைவியும் மகளும் பத்து நாள் அத்லோனுக்குப் போவதாக முடிவானது. எனக்கு முதலாளி கடைசி மூன்று நாள்தான் தந்தார். அப்போதுதான் அந்த ரெலிபோன்.

"தம்பி, எல்லா இடமும் காட்டும். கடல் மட்டும் வேண்டாம். அதை நான் வந்து காட்டுறன்," என்றேன்.

அவன் சிரித்தான். "அண்ணை, இது தீவு. எந்தப் பக்கம் ஓடினாலும் கடல்தான் வரும். நான் சாக்குப் போட்டே மூடுறது?"

"நீர் நடுவிலதானே இருக்கிறீர். நடுவிலயே நில்லும்."

"சரி அண்ணை. நடுவிலயே நிக்கிறம். போதுமோ?"

"போதும்."

பிறகு மனைவியிடம் சொன்னேன், பிளேனில் மகளை யன்னல் பக்கம் இருத்த வேண்டாம், நடுச் சீட்டில் இருத்து என்று.

"உங்களுக்கு என்ன விசரே? மேலால பாக்கிறது கடலே?" என்றாள் அவள்.

"பாக்கிறதுதானே."

அவளும் நடுச் சீட்டில்தான் இருத்தினாள். யன்னல் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்து முழு நேரமும் நித்திரை கொண்டாராம். அந்த மனிதருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

மறுநாளிலிருந்து குடும்ப வட்ஸ்அப் குழுவில் படங்கள் வரத் தொடங்கின. அந்தக் குழுவில் கனடா இருக்கிறது, லண்டன் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் மாமியும், என் மனைவியின் தாய், இருக்கிறா. நான் வெண்டிக்காய்ப் பெட்டியை உடைக்கும்போது ஒரு கோட்டை வரும். முருங்கைக்காயைக் கட்டும்போது ஆற்றில் ஒரு படகு வரும். சதுப்பு நிலத்துக்கு மேல் பலகை போட்டு ஒரு பாதை, அதில் என் மகளும் அவனுடைய இரண்டு பிள்ளைகளும் வரிசையாக நடக்கிறார்கள். ஒரு பண்ணையில் நாய் ஆடு மேய்க்கிறதைப் பார்க்க ரிக்கெற் எடுத்திருக்கிறான். நாய் ஆடு மேய்க்கிறதுக்கு ரிக்கெற்! இன்னொரு நாள் கூரை வேய்ந்த பழைய வீடுகள் உள்ள ஒரு காட்சிக் கிராமம். உள்ளே நெருப்பு எரிகிறது, ஒரு பெண் பாண் சுடுகிறாள், மகள் கையில் மாவு. பத்து நாளுக்கும் லீவு போட்டிருந்தானாம். அநேகமான படங்களில் அவன் அரைக்காற்சட்டை போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்பான். ஒரு கையில் தேத்தண்ணிப் போத்தல். அந்த நாட்டையே அவன் கட்டினவன் மாதிரி நிற்பான்.

என் மனைவி ஒரு படத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் கால் நீட்டி இருந்தாள். வாயைப் பெரிதாகத் திறந்து சிரிக்கிறாள். பல் எல்லாம் தெரிகிறது. எத்தனையோ வருடமாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், யார் சொன்ன பகிடிக்குச் சிரிக்கிறாள் என்று. படம் எடுத்தவன் அவன்.

கடைக்கு வந்த ஒரு அக்கா எட்டிப் பார்த்தா. "உங்கட மகளோ அண்ணை? நல்லாத் திரியினம். நீங்கள் போகேல்லையோ?"

"கறிவேப்பிலை எத்தினை கட்டு வேணும்?" என்றேன்.

ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். கோட்டை அவனுடையதாக இருக்கட்டும். ஆறும் ஆடும் நாயும் அவனுடையதாக இருக்கட்டும். கடல் என்னுடையது. நாளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

நான் போவதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிறு மதியம், கடைக்குள் கால் வைக்க இடமில்லாத நேரம், ஒரு வீடியோ வந்தது. மேற்குக் கரையில் உள்ள பெரிய செங்குத்துப் பாறைகள். நல்ல வெயில். மகள் படமெடுப்பவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலி வரைக்கும் ஓடுகிறாள். நின்றுவிடுகிறாள். இரண்டு கையையும் தலையில் வைக்கிறாள். கத்தவில்லை. கன நேரம் அப்படியே நிற்கிறாள். பிறகு திரும்பி, "சித்தப்பா, எவ்வளவு பெரிசு!" என்கிறாள்.

தமிழில் சொன்னாள். என்னோடு அவள் தமிழில் கதைத்து மூன்று வருடமாகிறது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் வரும். அங்கே அவனுடைய பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மறந்துபோயிற்று, இவளுக்கு ஆங்கிலம் போதாது. மூன்று பிள்ளைகளும் ஒரு கிழமையாகத் தமிழில் கதைத்துத் திரிந்திருக்கிறார்கள். அதுவும் அவனுக்குத்தான் கிடைத்தது.

வீடியோவுக்குக் கீழே "கடலைக் கண்ட பிள்ளை" என்று எழுதியிருந்தான். கனடா இதயம் போட்டது. லண்டன் இதயம் போட்டது. மாமி குரல் பதிவு போட்டா: "சித்தப்பன் எண்டால் இப்பிடி இருக்க வேணும்."

அத்லோனிலிருந்து அந்தப் பாறைக்குக் காரில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும். தற்செயலாகப் போய் நிற்கிற தூரம் இல்லை.

நான் போய் இறங்கினேன். விமான நிலையத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் ஒன்றும் கேட்கவில்லை. காரில் ஏறி, பின்னால் எல்லோரும் நித்திரையான பிறகு கேட்டேன்.

"தம்பி, நான் என்ன சொன்னனான்?"

அவன் வீதியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அண்ணை, நீங்கள் வாற நாளெல்லாம் மழை எண்டு போட்டிருந்தவங்கள். வெயில் நாளை விடேலுமோ?"

 அந்தச் சொல்லை முன்பு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

அடுத்த நாள் ஊருக்குள் இருக்கிற கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான். நான் படியில் கால் வைக்க முன்னமே மகள் மேலே நின்றாள். எந்தக் கதவு, எந்தப் பீரங்கி, எங்கே நின்றால் ஆறு தெரியும் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். "நாங்கள் ஏற்கெனவே பார்த்திட்டம்," என்று பிரெஞ்சில் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். நல்ல பிள்ளை, ஆசையோடுதான் காட்டினாள். எனக்கு ஒவ்வொரு இடமும் வேறொருவர் உடுத்துக் கழற்றிய சட்டை மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் அந்தப் பாறைக்கும் போனோம். போகும் வழியெல்லாம் வெயில் அடித்தது. காலை ஏழு மணிக்கே நான் சட்டையை அயன் பண்ணிப் போட்டிருந்தேன். முதலாவதாகக் காட்ட முடியாவிட்டால் இரண்டாவதாகவாவது காட்டலாம் என்று நினைத்தேன். கார் நிறுத்தும் இடத்துக்கு வரவே பனிப்புகார் இறங்கிவிட்டது. வேலியடிக்குப் போனோம். வெள்ளை. கை நீட்டினால் கை தெரிகிறது, அதற்கு அங்கால் ஒன்றுமில்லை. கீழே எங்கேயோ அலை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. உல்லாசப் பயணிகள் புகாரைப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

மகள் என் கையைப் பிடித்து, விரலால் காட்டினாள். "அங்கதான் அப்பா இருக்கு," என்றாள். "உண்மையா. நேராப் பாருங்கோ."

தமிழில்தான் சொன்னாள். நான் அவளுக்குக் காட்ட வேண்டிய கடல் இருக்கிற திசையை அவள் எனக்குச் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். சகலன் பின்னால் நின்று, "நான் சொன்னனான்தானே அண்ணை, வெதர் நம்பேலாது," என்றான்.

குளிரில் நிற்க முடியாமல் காருக்குள் வந்து இருந்து, மச்சாள், சகலனின் மனைவி, விடியச் செய்துகொண்டு வந்த ரோல்ஸையும் கட்லட்டையும் சாப்பிட்டோம். மடிப்புக் கதிரைகள் பின்னால் கிடந்தன. பிள்ளைகள் கடைப் பக்கம் போயிருந்தார்கள். மச்சாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பகிடி விட்டா.

"அத்தான், மூஞ்சையை நீட்டாதேங்கோ. என்னை முதல் முதல் ஈபிள் டவருக்குக் கூட்டிக்கொண்டு போனது ஆர்? நீங்கள்தானே. இவர் இண்டைக்கும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்."

சகலன் தேத்தண்ணி குடிக்கிறதை நிறுத்தினான். "அது பழைய கதை. விடும்," என்றான். என்னைப் பார்க்கவில்லை. மழையே இல்லாமல் வைப்பரைப் போட்டான். கண்ணாடி கீச்சிட்டது.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

மச்சாள் கலியாணம் முடித்து பாரிசுக்கு வந்த முதல் கிழமை. இவன் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான், லீவு கிடைக்கவில்லை. "அண்ணை, எல்லா இடமும் காட்டுங்கோ. டவருக்கு மட்டும் நான் கூட்டிக்கொண்டு போறன்," என்று என்னிடம் சொன்னான். எங்களிடையே வழக்கம் ஒன்று இருக்கிறது. பாரிசுக்கு ஆள் வந்தால் முதல் கிழமைக்குள் டவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் பிள்ளை வந்து சேர்ந்தது என்று வீட்டில் நம்புவார்கள். மாமி படம் எங்கே, படம் எங்கே என்று ஒவ்வொரு நாளும் ரெலிபோன் எடுத்துக்கொண்டிருந்தா. செவ்வாய்க்கிழமை வானம் நல்ல வெளிப்பு. நானும் மனைவியும் அவளைக் கூட்டிக்கொண்டு போய் உச்சிவரைக்கும் ஏற்றினோம். இரவு இவன் கேட்டபோது நான் சொன்ன பதில் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் வந்தது. "வெயில் நாளை விடேலுமோ தம்பி?"

அன்றைக்கு அவனுக்குக் கை முழுக்கச் சவர்க்காரம் தின்ற புண். அந்தக் கையால் முகத்தைத் துடைத்தான். பிறகு படுக்கப் போய்விட்டான். நான் அதை மறந்தும் போனேன்.

பொண்டிக்குத் திரும்பி வந்து ஒரு மாதமாகிறது. அவனுக்குத் தனியாக இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தேன். "அண்ணை, நீங்கள் வீணா யோசிக்கிறியள்," என்கிறான், பிறகு பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றிக் கதைக்கிறான். அந்தப் பதில் எனக்குப் போதாது.

ஆகவே தம்பி, இதை எழுதி முடித்ததும் அந்தக் குழுவிலேயே போடுகிறேன். கனடாவும் லண்டனும் மாமியும் வாசிக்கட்டும். டவர் விசயத்தில் நான் செய்தது பிழை. உமக்கு முன்னால் அவளை அங்கே ஏற்ற எனக்கு உரிமை இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் சொன்ன பொய்யையும் மேலே எழுதிவிட்டேன், என் மகளும் வாசிப்பாள். என் பக்கத்தில் மறைக்க இனி ஒன்றுமில்லை. இப்போது நீர் சொல்லும். அன்றைக்குக் காரை மேற்குப் பக்கம் திருப்பும்போது வானத்தைப் பார்த்துத் திருப்பினீரா, என்னை நினைத்துத் திருப்பினீரா? எனக்குத் தனியாக எழுத வேண்டாம். குரல் பதிவு வேண்டாம். வீடியோ போட்ட அதே இடத்தில், அதே ஆட்களுக்கு முன்னால், எழுத்தில் பதில் போடும்.