ஆறு மணிக்குள் ஓர் உண்மை

“பாத்தீகளா, கேட்டீகளா?”

டீக்கடையில் யார் வாயைத் திறந்தாலும் முத்துவீரன் இதைத்தான் கேட்பான். தக்காளி விலை ஏறிவிட்டதென்று காய்கறிக் கடைக் கர்ணன் சொன்னாலும் விடமாட்டான். “என் கடைத் தக்காளிக்கு நாந்தானடா வெல சொல்லணும், சாட்சிக்கு யாரைக் கூப்பிட?” என்று அவர் வைவார். இவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே வடையைப் பிட்டு வாயில் போடுவான்.

அவனுக்கு அல்லிநகரத்தில் ஜெராக்ஸ் கடை. அதுபோக ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று எழுதாது. “இரவல் கேக்குறவுகளுக்கு அதைத்தான் குடுக்கணும்” என்பான்.

ஆசை மட்டும் பெரிசு. செய்தி எழுதுவதைத் தத்துவமாக ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டும். கல்லூரியில் தத்துவம் சொல்லித்தரும் ஞானசிகாமணியிடம் வருஷக்கணக்காக நடக்கிறான். “ஆன்மா, பிரம்மம்னு எவ்வளவோ கெடக்கு. அவசரத்துல எழுதுற சமாச்சாரத்துல என்னய்யா தத்துவம்?” என்பார் அவர்.

“அவசரந்தான் சார் கேள்வியே. ஆற அமர உண்மை பேச யாராலயும் முடியும். ஆறு மணிக்குள்ள பேப்பருக்குப் பேசச் சொன்னா?”

நியாயம்தானே. ஊரே நம்பப்போகிற ஒன்றை எழுதுகிறவனுக்கு அந்தப் படிப்பு வேண்டாமென்றால் வேறு யாருக்கு வேண்டுமாம்?

போன வாரம் கடமலைக்குண்டுப் பக்கம் பொன்னாத்தாளின் ஆட்டை ஏதோ அடித்துப் போட்டுவிட்டது. செய்தி எடுக்கப் போன முத்துவீரன் பார்த்தது, ஆட்டுக் கொட்டத்தை ஒட்டி ஈர மண்ணில் ஒரே ஒரு கால்தடம். சிறுத்தை என்றால் அவளுக்கு அரசாங்க நிவாரணம் உண்டு. நாய் என்றால் இல்லை. சிறுத்தை என்று பேப்பரில் வந்துவிட்டாலோ ஒருத்தியும் காட்டுவேலைக்கு வரமாட்டாள்; பறிக்க ஆளில்லாமல் ஊர்க் கத்தரி முழுக்க முற்றிப்போகும்.

“சிறுத்தைன்னே எழுதுய்யா. ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது?”

“நீங்க பாத்தீகளா, ஆத்தா?”

“ஆடு பாத்துச்சு. அதைப் போயிக் கேளு.”

ஆறு மணி நெருங்கும்போது அலுவலகத்திலிருந்து போன். சிறுத்தையா, நாயா, ஒரு வார்த்தையில் சொல் என்றார்கள். “ஆடு செத்துருச்சு. அடிச்சது எதுன்னு தெரியல. வனத்துறை ஆளுக காலைல வர்றாக. அப்படியே போடுங்கண்ணே” என்றான். அந்தப் பக்கம் பட்டென்று வைத்துவிட்டார்கள்.

பொன்னாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூறல் விழத் தொடங்கியது. தடம் கரைந்தால் அவளுக்கு இருக்கிற ஒரே வழியும் அடைபட்டுப் போகும். முத்துவீரன் வண்டியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்துவந்து தடத்தின் மேல் கவிழ்த்தான். காற்றில் நகராதபடி சுற்றிலும் கல்லை அண்டக்கொடுத்தான். பிறகு வெறுந்தலையோடு மழைக்குள் வண்டியைக் கிளப்பினான்.