பாதி வாக்குமூலம்

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்குக் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. தாராவியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் குர்லா பக்கம் ஒரு டப்பா கம்பெனியில் வேலை பார்த்தார். பட்டாளத்துக்குச் சாப்பாடு அடைத்து அனுப்பும் தகர டப்பாக்கள் அங்கே ஓயாமல் தயாராகும். தகரத்தை வெட்டி வளைக்கிற பிரஸ் மிஷினில் அவருக்கு வேலை.

ஒரு மத்தியானம் நான் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். அவருடன் வேலை பார்க்கும் ஒருவர் தேடிக்கொண்டு ஓடி வந்தார். சட்டையெல்லாம் ரத்தம். அது அவருடைய ரத்தம் இல்லை என்பது எனக்குப் பார்த்த உடனேயே புரிந்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேருவதற்குள் வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் மயக்கத்தில் கிடந்தார். வெளியே வராந்தாவில் கம்பெனி ஆபீசர் ஒருவர் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். "உஸ்கா கல்தி" என்று இரண்டு தடவை சொன்னார். அவன் செய்த தப்பு என்று அர்த்தம். அந்த அளவு ஹிந்தி அதற்குள் எனக்கு வந்திருந்தது. கை போன மனிதன் இன்னும் கண்ணே திறக்கவில்லை. அதற்குள் தப்பு யாருடையது என்று தீர்மானமாகிவிட்டது.

கண் திறந்த பிறகு அவர் சொல்லித்தான் நடந்தது எனக்குத் தெரிந்தது. அந்த மிஷினில் கை உள்ளே போகாதபடி ஒரு கம்பி வலை உண்டு. ஜாலி என்பார்கள். ஜாலி இருந்தால் தகரத்தை நிதானமாகத்தான் வைத்து எடுக்க முடியும். பட்டாள ஆர்டர் குவிந்ததும், வேகம் போதவில்லை என்று எல்லா மிஷினிலும் ஜாலியைக் கழற்றச் சொல்லிவிட்டார் மேஸ்திரி. முடியாது என்று சொன்ன ஒருவரை மறுநாள் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. அதைப் பார்த்த மற்றவர்கள் வாயைத் திறக்காமல் கழற்றிவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் கழற்றினார்.

அந்த மேஸ்திரி எங்கள் பக்கத்து ஊர்க்காரர். இவரை வேலைக்குச் சேர்த்துவிட்டவரே அவர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்க்க வந்தார். வந்து உட்கார்ந்து கண் கலங்கினார். நானும் அவரோடு சேர்ந்து அழுதேன். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தார்.

"கம்பெனியில இரக்கப்பட்டுக் கொஞ்சம் தாராவ தாயி. வாட்ச்மேன் வேலையும் போட்டுத் தருவாவ. இனி வேற ஒண்ணும் கேக்க மாட்டோம்னு இதுல ஒரு கைநாட்டு வச்சாப் போதும். கோர்ட்டு கீர்ட்டுன்னு போனா ரெண்டும் கிடையாது, பாத்துக்கிடுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் துணி சுற்றிய கையைப் பார்த்தார். மேஸ்திரிக்கு அது விளங்கவில்லையா, விளங்கியும் சொன்னாரா தெரியாது.

"இடது கைப் பெருவிரல் போதும்பா" என்றார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த கோபத்தை இப்போதுகூட எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. ஒரு கையை மிஷினுக்குக் கொடுத்தாயிற்று. மிச்சமிருக்கிற கையால் அதை மன்னித்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"ஜாலியக் கழட்டச் சொன்னது யாரு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் மைப்பெட்டியை மூடினார். வாசலுக்குப் போனவர் திரும்பி நின்று, "எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு" என்றார். அதுவும் நிஜம்தான். ஆனால் அதைக் கேட்டு எனக்கு ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அவர் போன பிறகு வீட்டில் சண்டை வந்தது. "வாட்ச்மேன் வேலையாவது கிடைச்சிருக்கும். நீ அதையும் கெடுத்துட்டே" என்றார் என் வீட்டுக்காரர். அவர் மேல் குற்றமில்லை. வேட்டியைக் கட்டிக்கொள்ள முடியாது, சோற்றைப் பிசைய முடியாது, நான் ஊட்டப் போனால் தட்டைத் தள்ளிவிடுவார். வெளியே போனால் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்வார். பிறகு வெளியே போவதையே நிறுத்திவிட்டார். நான் தோல் கிடங்கில், கெடாமலிருக்கத் தோலில் தூவிய உப்பைத் தட்டி எடுக்கும் வேலைக்குப் போனேன். உப்புப் பட்டு என் விரலெல்லாம் வெடித்துப் புண்ணாகும். அதைப் பார்த்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கிடங்கில் கூட வேலை பார்த்த ஒரு மராட்டிப் பெண்தான் எனக்கு யூனியன் ஆபீசைக் காட்டிக் கொடுத்தாள். அங்கே ஒரு சின்ன வயது வக்கீல் வருவார். குஜராத்திக்காரர். தொழிலாளி கேஸ் என்றால் பீஸ் வாங்கமாட்டார். நான் அரைகுறை ஹிந்தியில் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். வேலை செய்யும்போது அடிபட்டால் நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அது கம்பெனி இரக்கப்பட்டுப் போடும் பிச்சை இல்லை, இதை விசாரிக்கவே ஒரு கமிஷனர் இருக்கிறார் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். அதுவரை தாராவியில் கை போனவர்கள், விரல் போனவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட இப்படி ஒரு சட்டம் இருப்பதாகச் சொன்னதில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

எந்த உறுப்பு போனால் எவ்வளவு என்று அந்தச் சட்டத்தில் அட்டவணை போட்டு வைத்திருந்தார்களாம். வலது கைக்கு ஒரு விலை, இடது கைக்கு அதைவிடக் குறைந்த விலை. இதைச் சொல்லும்போது வக்கீலே கொஞ்சம் கூச்சப்பட்டார்.

கேஸ் போட்டதும் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பாதுகாப்புக்கு இருந்த ஜாலியைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றினான், ஆகையால் சட்டப்படி கம்பெனி ஒன்றும் தர வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார்கள். ஜாலி கழற்றியதைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். வீடு வீடாகப் போய் சாட்சி சொல்லக் கூப்பிட்டேன். ரத்தச் சட்டையோடு ஓடி வந்தாரே, அவர்கூட என்னைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் போய்விட்டார். கடைசியில் எங்கள் பக்கம் சாட்சி என்று இருந்தது என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

விசாரணை நாளன்று கோட்டைப் பகுதியில் இருந்த கமிஷனர் கோர்ட்டுக்குப் போனோம். கமிஷனர் வயதான மராட்டிக்காரர். கேள்வியெல்லாம் இங்கிலீஷில். தடுமாறாமல் சொந்த பாஷையிலேயே சொல்லட்டும் என்று எங்கள் வக்கீல் நினைத்திருந்தார். ஆனால் கோர்ட்டில் தமிழ் தெரிந்த ஆள் அன்று லீவு. உடனே கம்பெனி வக்கீல், தமிழ் தெரிந்த ஒருவரைத் தாமே கூட்டி வந்திருப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்றால் இன்னும் பல மாதம் இழுக்கும். எங்கள் வக்கீல் யோசித்துவிட்டுச் சரி என்றார். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

கூண்டில் நின்ற என் வீட்டுக்காரர் கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். அத்தனை பேர் பார்க்க அவர் நின்றதை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஜாலியைக் கழற்றியது நீதானே என்று கம்பெனி வக்கீல் கேட்டதை மொழிபெயர்ப்பவர் தமிழில் கேட்டார்.

"ஆமா, நாந்தான் கழட்டுனேன். மேஸ்திரி எல்லா மிஷின்லயும் கழட்டச் சொன்னாவ. ஜாலி இருந்தா வேலை ஓடாதுன்னு மேலே இருந்து உத்தரவுன்னாவ. மாட்டேன்னு சொன்ன ஆளை மறுநாள் உள்ள விடலை. எனக்கு வேற வேலை கிடையாது, அதான் நானும் கழட்டுனேன்" என்றார் என் வீட்டுக்காரர். பல மாதமாக மனதுக்குள் கிடந்தது எல்லாவற்றையும் திணறித் திணறிச் சொல்லி முடித்தார்.

மொழிபெயர்ப்பவர் கமிஷனர் பக்கம் திரும்பினார். எஸ் என்று ஆரம்பித்து, மூன்று நான்கு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். கமிஷனர் எழுதிக்கொண்டார். கம்பெனி வக்கீல், வேறு கேள்வி இல்லை என்பதுபோல உட்கார்ந்துவிட்டார். எங்கள் வக்கீல் முகம் விழுந்துவிட்டது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவ்வளவு பேச்சு அந்த நாலு வார்த்தைக்குள் எப்படி அடங்கும்? நான் எழுந்து நின்றேன்.

"அவிய இவ்வளவு நேரம் பேசுனாவளே. நீங்க ஒரு வாய் சொல்லிட்டு நிறுத்திட்டீங்க. மிச்சத்தைச் சொல்லலியா?" என்று கேட்டேன்.

பியூன் "சுப் பைட்டோ" என்று அதட்டினான். நான் உட்காரவில்லை. கமிஷனர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பவர் கொஞ்சமும் தயங்காமல் ஒரு பதில் சொன்னார். கமிஷனர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, உட்காரும்படி கையைக் காட்டினார். அந்தப் பரிதாபத்தைப் பார்த்ததும் நான் சொன்னதும் அவரிடம் போய்ச் சேரவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் யாருக்குப் புரியும்?

அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். கோட்டும் தலைப்பாகையும், நெற்றியில் சந்தனக் கீற்றுமாக இருந்தார். தமிழர்கள் நிறைந்த மாதுங்காவில் சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போனால் இப்படி நூறு பேரைப் பார்க்கலாம். அடுத்த கேஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தவர். அவர் கமிஷனரிடம் இங்கிலீஷில் நிதானமாகப் பேசினார். பேசப்பேச மொழிபெயர்ப்பவரின் முகம் மாறியது. கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். கமிஷனர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க உக்காருங்கோம்மா. இனிமே நான் சொல்றேன்" என்றார் அவர் என் பக்கம் திரும்பி.

கமிஷனர் அந்தப் பெரியவரை, உள்ளபடி மொழிபெயர்ப்பதாகச் சத்தியம் செய்யச் சொல்லி, முதலிலிருந்து திரும்பக் கேட்டார். என் வீட்டுக்காரர் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். அவர் ஒரு வரி சொல்லி நிறுத்த, இவர் ஒரு வரி சொன்னார். நிறுத்தினால் "ம், மேலே சொல்லுங்கோ" என்றார். கை போன பிறகு அன்றுதான் முதல் தடவையாக என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்திப் பேசியதைப் பார்த்தேன்.

கம்பெனி சாட்சியாக மேஸ்திரியும் வந்திருந்தார். கமிஷனர் அவரைக் கூண்டில் ஏற்றித் தாமே கேட்டார். அன்றைக்கு எத்தனை மிஷினில் ஜாலி இருந்தது? மேஸ்திரி கம்பெனி வக்கீலைப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் கையைப் பார்த்தார். பிறகு, "ஒண்ணுலயும் இல்லைங்க" என்றார்.

வெளியே வந்ததும் அந்தப் பெரியவரைத் தேடிப் போய்க் கும்பிட்டேன். மொழிபெயர்ப்பவர் என்னைப் பற்றிக் கமிஷனரிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். சொல்ல அவருக்கு மனமில்லை. வற்புறுத்திய பிறகு சொன்னார். என் புருஷன் செய்த தப்பை மன்னிக்கச் சொல்லி நான் அழுவதாகச் சொன்னாராம்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் தடுத்துவிட்டார்.

"எனக்கு நன்றி சொல்லாதீங்கோம்மா. நான் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள். உங்களை மாதிரி ஒருத்தருக்குப் பணம் கொடுக்க வேண்டாம்னு சொல்லத்தான் இன்னிக்கு வந்திருக்கேன்" என்றார். அதற்குள் அவருடைய கேஸைக் கூப்பிட்டார்கள். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாசலில் குழந்தையோடு ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். அவளும் பின்னாலேயே உள்ளே போனாள். எங்களுக்குத் தெய்வம் மாதிரி வந்தவர் அவளுக்கு எதிராளி. எனக்கு அவரைக் கும்பிடவும் தோன்றியது, சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அட்டவணையில் வலது கைக்குப் போட்டிருந்த தொகையைக் கம்பெனி கமிஷனரிடம் கட்ட, நாங்கள் அங்கே போய் வாங்கிக்கொண்டோம். அதை வைத்து எங்கள் சந்திலேயே சின்னதாக ஒரு கரிக்கடை போட்டோம். தராசை நான் பிடிப்பேன், அவர் இடது கையால் அள்ளிப் போடுவார். பழகப் பழகத் துண்டால் மறைப்பதை விட்டுவிட்டார். வாடிக்கைக்காரர்களிடம் வாய் ஓயாமல் பேசுவார்.

மேஸ்திரிக்கு வேலை போய்விட்டது. உண்மை சொன்னதற்குத் தண்டனை அவருக்கு. உத்தரவு போட்ட மானேஜரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கம்பெனியில் ஜாலியைத் திரும்ப மாட்டினார்கள் என்றும், சில நாளில் மறுபடி கழற்றிவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டோம். பணம் வாங்க நாங்கள் போன அன்று, அதே வராந்தாவில் அந்த மொழிபெயர்ப்பவரும் வேறொரு வக்கீலோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். அடையாளம்கூடத் தெரியவில்லை அவருக்கு.

அதன் பிறகு தாராவியில் யாருக்கு அடிபட்டாலும் நான் யூனியன் ஆபீசுக்குக் கூட்டிப்போவதும், விசாரணை நாளில் முன் பெஞ்சில் போய் உட்காருவதும் வழக்கமாகிவிட்டது. தமிழ் தெரிந்தவர் ஒருவரை நாங்களே கூட்டிக்கொண்டு போவோம். போன கைக்குச் சட்டத்தில் ஒரு விலையாவது எழுதியிருந்தது; கூண்டில் நின்று ஒரு மனிதன் திணறிச் சொன்னதைப் பாதியில் வெட்டிப் போட்டவனுக்கு அதே சட்டத்தின் எந்தப் பக்கத்திலும் ஒரு தண்டனையும் எழுதியிருக்கவில்லையே என்று நினைத்தால், இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு மனம் ஆறவில்லை.