ஒன்பதாவது வளைவில் ஈரம்

ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஓட்டுவது என் தொழில். பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்ல அதில் யாருக்கும் இடம் கிடையாது, நான் எழுந்தால் உட்காருவதற்கு மட்டும் எப்போதும் ஆள் உண்டு. ஊர் மலேசியாவில் கிள்ளான். வயது இருபத்திரண்டு. கோபம் மூக்கு நுனியில். ஒரு பந்தயம் சொதப்பினால், அடுத்ததற்கு முதலாளி கூப்பிடுவாரா மாட்டாரா என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கிற பிழைப்பு இது. லீவு போட்டால் நம் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்களோ என்று பயந்து, நீங்களும் காய்ச்சலோடு வேலைக்குப் போயிருப்பீர்கள்தானே? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

இடது கால்

எங்கள் காரில் கியர் மாற்றுவது விரலால். இடது காலுக்கு இருக்கிற ஒரே வேலை பிரேக். பதினேழு வயதில் சாலையில் கார் ஓட்டும் உரிமம் எடுக்கப் போனபோது இது எனக்கு நினைவே இல்லை. முந்தின வாரம்தான் ஒரு பந்தயத்தில் இரண்டாவதாக வந்திருந்தேன். அந்தத் திமிர் வேறு.

சோதனைக்குக் கொடுத்தது கிளட்ச் வைத்த சின்னக் கார். மேட்டில் ஏறி, மஞ்சள் கோட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். கோடு வந்ததும் பழக்கதோஷத்தில் இடது காலை ஓங்கி மிதித்தேன். அது கிளட்ச். கார் சாவகாசமாகப் பின்னால் உருண்டு, அடிவாரத்தில் இருந்த ரப்பர் கூம்பைச் சாய்த்துவிட்டு நின்றது. சோதனை அதிகாரி நல்ல மனிதர், திட்டவில்லை. குனிந்து ஜன்னல் வழியாக மலாயில் கேட்டார்: "தங்கச்சி, இதுக்கு முன்னால ஸ்டீரிங்கைத் தொட்டிருக்கியா?"

வெளியே தெரிய வேண்டிய முடி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மசாலாத்தூள் வியாபாரி என் காரில் தன் கடைப் பெயரைப் போட முன்வந்தார். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார், வடை வாங்கிக் கொடுத்தார், "நம்ம புள்ள" என்று நாலு பேருக்கு அறிமுகம் செய்தார். என் படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. தலை முழுக்க ஹெல்மெட், கழுத்து வரை உடுப்பு. "வெளிய கொஞ்சம் முடி தெரியட்டும்மா, இல்லாட்டி பையன் ஓட்டுறான்னு நெனச்சுருவாங்க" என்றார்.

ஹெல்மெட்டுக்குள் தீப்பிடிக்காத முகமூடி ஒன்று போடுகிறோம், முடி அதற்குள்தான் இருக்க வேண்டும், கார் எரிந்தால் முதலில் போவது முடிதான் என்று பொறுமையாகச் சொன்னேன். என் பொறுமையைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். அவர் உண்மையாகவே யோசித்தார். பிறகு கேட்டார்: "அப்ப போட்டோ புடிக்கிற அன்னைக்கு மட்டும் தீப் புடிக்காம பாத்துக்க முடியாதா?"

கையை விடவில்லை

முனியண்ணன் எங்கள் மெக்கானிக். கம்போங் மேடான்காரர், லோரி பட்டறையிலிருந்து ரேஸ் காருக்கு வந்தவர். ஒவ்வொரு முறையும் என் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே அதே வாசகத்தைச் சொல்வார்: "சுவரு வருதுன்னா ஸ்டீரிங்க விட்டுரு. கைய நெஞ்சோட வச்சுக்க." சக்கரம் சுவரில் மோதினால் ஸ்டீரிங் முறுக்கிக்கொண்டு கையை ஒடித்துவிடும். எங்கள் தொழிலில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

போன வருடம், மழை பெய்து ஓய்ந்த ஒரு மத்தியானம். வெயில் அடித்துப் பந்தயத் தளம் காய்ந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினோம். ஒன்பதாவது வளைவில் கார் என் பேச்சைக் கேட்கவில்லை. காப்பாற்றிவிடலாம், காப்பாற்றிவிடலாம் என்று கடைசிவரை ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே சுவருக்குப் போனேன். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு.

என்னைத் தூக்க வந்தவர்களின் பூட்ஸ் ஈரமாக இருந்தது. அப்போதுதான் புரிந்தது. வளைவின் உள் ஓரத்துப் புல்மேட்டிலிருந்து தண்ணீர் கசிந்து, ஒரு பாதித் தளத்தை நனைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் உட்காருவது தரையோடு தரையாக; அங்கிருந்து பார்த்தால் அது கண்ணுக்கே தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்பார்கள். வேகமாக வந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அதில் ஒரு கௌரவம் இருந்தது.

மூன்று மாதம் கையை அசைக்கக்கூடாது என்றார் டாக்டர். வீட்டில் எல்லோரும் அழுதார்கள், அம்மாவைத் தவிர. அம்மா கிள்ளானில் டயாலிசிஸ் நிலையத்தில் தாதி. எக்ஸ்ரேயைத் தானே வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வலிக்குதான்னு கேக்கல, அது எனக்கே தெரியும். மறுபடியும் ஏறுவியா, அத மட்டும் சொல்லு."

என் காரில் நூருல்

ஏறுவதற்கு இடம் இருக்க வேண்டுமே! முதலாளி என் காரில் நூருல் என்ற பதினேழு வயதுப் பெண்ணை உட்காரவைத்தார். "ஒரு பந்தயம்தான். உன் கை சரியானதும் பார்க்கலாம்" என்றார். இந்தப் 'பார்க்கலாம்' உங்களுக்கும் பழக்கம்தான், நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் இருக்கை கடையில் வாங்குவதில்லை. பிளாஸ்டிக் பையில் நுரையை ஊற்றி, அது உப்பி இறுகும்வரை அதன்மேல் அசையாமல் உட்கார்ந்து, அவரவர் முதுகுக்கு அச்சு எடுப்பது. என் அச்சில் நூருல் உட்கார்ந்தாள். ஒல்லிப் பெண், ஆடினாள். முனியண்ணன் இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சைத் திணித்தார். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, என் வயிறு எரிந்தது.

அவளோ தங்கமான பெண். வாய்க்கு வாய் 'காக்', அதாவது அக்கா. மூன்று வாரம் அவளுக்குப் பழக்கிக் கொடுத்தேன். பந்தயத்துக்கு முந்தின நாள், வழக்கம்போல் இருவரும் தளத்தை நடந்தே சுற்றினோம். ஒவ்வொரு வளைவிலும் நின்று கேட்பாள்: எங்கே பிரேக், எந்த ஓரம், எதைப் பார்த்துத் திருப்புவது? எல்லாம் சொன்னேன். ஒன்பதாவது வளைவு வந்தது. அன்று வெயில், தளம் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. "இங்கதான உங்களுக்கு அடிபட்டுச்சு? ஏன் காக்?" என்று கேட்டாள். புல்மேட்டைப் பார்த்தேன். வாய் வரை வந்தது. "வேகமா வந்துட்டேன், என் தப்பு, வேற ஒண்ணுமில்ல" என்றேன். அவள் என் கையின் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப நான் கொஞ்சம் மெதுவா வரேன், காக். உங்க அளவுக்கு எனக்குத் தைரியம் இல்ல."

குடை

மறுநாள் மதியம் மழை கொட்டியது. மூன்று மணிக்கெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு வெயில். கார்கள் தளத்தில் வரிசையாக நின்றன. புறப்படும்வரை ஓட்டுபவருக்கு வெயில் படாமல் ஒருவர் குடை பிடிப்பது வழக்கம். நல்ல இடது கை ஒன்று சும்மா இருக்கிறதே என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் பிரிவில் ஓட்டுபவரோடு பேச ரேடியோ கிடையாது. விசில் ஊதி நாங்கள் தளத்தைவிட்டு வெளியேறிவிட்டால், பந்தயம் முடியும்வரை அவள் காதில் எதையும் போட முடியாது. குடையைப் பிடித்துக்கொண்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவள் வழுக்கி வெளியே போனால் என் இடம் எனக்கே வரும். ஆமாம், நினைத்தேன். நான்தான் நினைத்தேன். முனியண்ணன் அவள் பெல்ட்டை இறுக்கினார். எனக்குச் சொல்லும் அதே வாசகத்தை மலாயில் அவளுக்குச் சொன்னார். நல்ல மாணவியாக அவள் கைகளை நெஞ்சோடு வைத்துக் காட்டினாள். கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே அவள் மணிக்கட்டு தெரிந்தது. என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத மாதிரி இருந்தது.

குடை எங்கே விழுந்தது என்று தெரியாது. அவள் ஹெல்மெட்டுக்குள் வாயை வைத்துக் கத்தினேன்: "ஒன்பதுல தண்ணி கசியும்! வெயில் அடிச்சாலும் காயாது, கண்ணுக்கும் தெரியாது! உள் ஓரம் போகாத, வெளிப்பக்கமா வா!" விசில் ஊதிவிட்டது. அவள் கண்ணை மட்டும் உயர்த்தி, "நேத்து கேட்டேனே, காக்" என்றாள். "மறந்துட்டேன்" என்றேன். முகக் கண்ணாடியை இறக்கும் முன் அவள் சொன்னது: "இந்த மூணு வாரத்துல நீங்க எதையும் மறந்து நான் பாக்கல."

பந்தயத்துக்குப் பிறகு

முதல் சுற்றிலேயே ஒன்பதாவது வளைவில் முன்னால் போன இரண்டு கார்கள் வழுக்கிப் புல்லுக்குள் போயின. கடவுள் புண்ணியத்தில் ஓட்டியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு பேரையும் நான் எச்சரித்திருக்கவில்லை. இத்தனை நாள் அதிகாரிகளிடமும் வாயைத் திறக்கவில்லை. பந்தயம் முடிந்ததும் நேராக அவர்களிடம் போய்ச் சொன்னேன். பிறகு அங்கே வடிகால் வெட்டினார்கள்.

நூருல் வெளிப்பக்கமாக வந்தாள். ஏழாவதாகப் புறப்பட்டவள் மூன்றாவதாக வந்து மேடையேறினாள். திங்கட்கிழமை முதலாளி போனில் கூப்பிட்டார். இந்தப் பருவம் முழுக்க நூருலே ஓட்டட்டும், நீ கூட இருந்து அவளுக்குச் சொல்லிக்கொடு என்றார். குரல் மிகவும் கனிவாக இருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இடம் போனதற்காகப் பாதி. அந்த வரிசையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்காகப் பாதி.

கை ஆறிவிட்டது. எனக்கு இன்னும் கார் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முந்தின நாள் நூருலோடு தளத்தைச் சுற்றி நடக்கிறேன். காக் என்றுதான் இன்றும் கூப்பிடுகிறாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும், நான் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, நகராமல் நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். சிரிக்காமல்தான் கேட்கிறாள்: "இங்க என்ன மறந்திருக்கீங்க, காக்?"

நொடியில் நூறில் ஒரு பங்கு பிந்தினாலே தோல்வி என்று கணக்குப் பார்க்கும் தொழிலில், நூருலிடம் உண்மையைச் சொல்ல முழுசாக ஒரு நாள் பிந்திய நான், இருக்கை போனதோடு தப்பித்தேன்.