மூன்று நாள் ஊறிய தைலம்

ஸ்ரீரங்கத்தில் புகுந்த வீட்டில் நாளுக்கு நாலு தடவை குளிப்பேன். நான் ஒன்றும் சுத்தக்காரி இல்லை. சமைப்பவள் மடியாக இருக்க வேண்டும். எதையாவது தொட்டுவிட்டால் மறுபடியும் பச்சைத் தண்ணீர், மறுபடியும் ஈரப் புடவை. அந்த மார்கழியில் கையும் கழுத்தும் வறண்டு வெடித்தன. அரிப்பு பிராணனை வாங்கியது. சொறிந்தால் ரத்தம்.

மாமியார் பார்த்துவிட்டு, "ஒட்டுவாரொட்டி மாதிரி இருக்கு. ஆறற வரைக்கும் குழந்தையைத் தொடாதே" என்றார். சமைக்க மட்டும் அந்தக் கை ஆகுமாம். யாரிடம் போய்க் கேட்பது?

மகனுக்கு அப்போது ஆறு மாதம். அவனுக்குப் பாலாடையில் பசும்பால் புகட்டினார்கள். எனக்குப் பால் கட்டி, வலித்து, வற்றியும் போனது. இரண்டு மாதம் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். என்னைக் கண்டால் சிரிப்பதை அவன் நிறுத்திய அன்று, கிணற்றில் விழுந்துவிடலாம் என்றுதான் இருந்தது.

என் கணவர் ஜட்கா வைத்துக்கொண்டு தென்னூர் போய், வைத்தியரிடம் அருகம்புல் தைலம் வாங்கி வந்தார். "நன்னா ஊறணுமாம்" என்றார். எங்கே ஊறுவது? எண்ணெய் தொட்டால் குளித்தாக வேண்டும். தடவிய சூட்டோடு கிணற்றடிக்கு ஓடுவேன். ஒரு குப்பி முழுவதும் சீயக்காயோடு சாக்கடையில் போயிற்று. நான் வைத்தியரைத் திட்டிக்கொண்டிருந்தேன், அசடு.

இரண்டாவது குப்பி வந்த சமயம் மாதவிலக்கானேன். மூன்று நாள் கொல்லைப்புற அறை. குளியல் கிடையாது, யாரும் கிட்டே வரமாட்டார்கள். எண்ணெயும் கூடாதுதான். பெருமாள் என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுக்கட்டும் என்று குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். காலையும் மாலையும் தடவிக்கொண்டு அப்படியே கிடந்தேன். இரண்டாம் நாள் அரிப்பு அடங்கியது. மூன்றாம் நாள் வெடிப்புகள் மூடியிருந்தன. நாலு வேளைத் தண்ணீர்தான் என் தோலைத் தின்றிருக்கிறது என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

நான்காம் நாள் குளித்து வந்து கைகளை நீட்டினேன். மாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குழந்தையைக் கொடுத்தார். அவன் என் முகத்தைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. வீறிட்டு அவர் பக்கம் தாவினான்.

"இப்படிக் கொடு. குழந்தையைத் தொட்டாச்சு, நீ மறுபடி குளிச்சுட்டுச் சமைக்க வா."

"நான் குளிக்கலை. இன்னிக்கு நீங்களே சமைச்சுடுங்கோ" என்றேன்.

அவன் கைகளை அவரிடம் நீட்டிக் கதறிக்கொண்டே இருந்தான். நான் விடவில்லை.