தேங்காய்த் தட்டுக்குத் துணை தேடிய கொர்னேலியஸ்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே அலுவலகத்தில் பாலங்களின் வரைபடங்களை மை போட்டு நகலெடுத்துக்கொண்டிருந்த கொர்னேலியஸுக்கு, மற்றவர்களுக்கு மலேரியா பிடிப்பதைப்போல அல்ஜீப்ரா பிடித்துவிட்டது. ஊருக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுப்போன புத்தகத்திலிருந்து தொற்றியது, கொயினாவுக்கும் அடங்கவில்லை. அவன் கணக்குப் போட உட்கார்ந்தால் சுவரில் பல்லி வாயைத் திறக்காது. திறந்தால் அதையும் ஒரு வாய்பாட்டுக்குள் போட்டு அடைத்துவிடுவான் என்ற பயம்.

அவன் உயிரை வைத்திருந்தது அதில் ஈவு வளையங்கள் என்ற ஒருவகைக் கணக்கின் மீது. எக்ஸ், ஒய் என்று இரண்டு எழுத்துகளைப் பெருக்கிக்கொண்டே போவான். இன்னின்ன பெருக்கல் வந்தால் பூச்சியம் என்று சட்டம் போடுவான். சட்டத்துக்குத் தப்பிப் பிழைத்தவற்றை, எத்தனை எழுத்து சேர்ந்தவை என்று பார்த்துப் படிப்படியாக அடுக்குவான். உச்சிப்படியில் ஒன்றே ஒன்று நின்று, கீழே இருக்கும் ஒவ்வொன்றுக்கும், பெருக்கினால் அந்த உச்சிவரை கூட்டிப்போக ஒரு துணையும் இருந்துவிட்டால், "குடும்பம்னா இதுதான் குடும்பம்!" என்று தொடையைத் தட்டுவான்.

"இப்படியே போனா நம்ம வீட்டையும் ஒருநாள் பூச்சியம்னு எழுதிருவான்" என்பார் அப்பா மாரிஸ். ரயிலில் கார்டு வேலை பார்த்தவர். கொடி காட்டினால் எதுவும் நின்றுவிடும் என்று நம்பியவர். மகன் மட்டும் நிற்கவில்லை.

அப்படிப்பட்டவனுக்குக் கிள்ளான் உர்சுலாவைப் பேசினார்கள். அவளை வளர்த்த அத்தை கெர்ட்ரூடின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் ஒவ்வொரு தட்டுக்கும் பெண் வீட்டார் துணைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். சேர்ந்தால் நிறைதட்டு ஆகவேண்டும். அதாவது ஒரு தேங்காய், இரண்டு சீப்பு வாழைப்பழம். அதற்குமேல் ஒன்று கூடினாலும் திமிர் என்று தட்டையே கவிழ்த்துவிடுவார்கள். துணையில்லாத தட்டு வந்த வழியே திரும்பும். மாப்பிள்ளையும் அதோடு திரும்பவேண்டியதுதான்.

கொர்னேலியஸுக்குத் தரையில் கால் பாவவில்லை. தன் வளையம் சேலை கட்டிக்கொண்டு எதிரில் வந்து நின்றதைப்போல இருந்தது. பெண்ணை மாதா கோயிலில் பார்த்தபோதே பாதி மயங்கியிருந்தான். மீதியைத் தட்டுகள் பார்த்துக்கொண்டன. வெறுந்தட்டுக்கு நிறைதட்டு துணை. தேங்காய்க்கு இரண்டு சீப்பு. ஒரு சீப்புக்குத் தேங்காயும் சீப்பும். எதுவும் தனியாக நிற்காது. வெறுந்தட்டு, தேங்காய்த் தட்டு, சீப்புத் தட்டு என்று மூன்றையும் தூக்கிக்கொண்டு அப்பாவும் மகனும் கிள்ளான் ரயில் ஏறினார்கள்.

முன்னறையில் உட்கார்ந்ததும் கெர்ட்ரூட் விசிறியை மடக்கினாள்.

"ஒண்ணு சொல்லணும் சம்பந்தி. இனிமே தேங்காயும் பழமும் ஒரே தட்டுல சேரக்கூடாது. போன மாசம் ஒரு நிச்சயத்துல தேங்கா உருண்டு பழத்த நசுக்கி, என் பட்டுச்சேலையே போச்சு. இன்னிலேருந்து சட்டம்."

மாரிஸ் சிரித்தார். கொர்னேலியஸ் வெளுத்துப்போனான்.

"ஆன்டி, அப்ப நிறைதட்டே இல்லாமப் போச்சே! சீப்புக்காவது இன்னொரு சீப்பு இருக்கு. தேங்காய்க்குப் பழமும் ஆகாது, ரெண்டாவது தேங்காயும் ஆகாது. அது நடுவழியில அனாதையா நிக்கிது!"

"நின்னா திரும்பட்டும். வழக்கம் வழக்கந்தான்."

கதவுக்குப் பின்னாலிருந்து உர்சுலாவின் குரல் வந்தது. "ஏன் அத்தே, தேங்காய்க்குத் தேங்காயே துணையா வந்தா உங்க சேலைக்கு என்னாவாம்?"

"அப்ப ரெண்டு தேங்கா ஒரு பக்கம், ரெண்டு சீப்பு ஒரு பக்கம் ஒசந்து நிக்கும். எதுடி பெரிய தட்டு? எத நடுவுல வைக்கிறது?"

கொர்னேலியஸ் எழுந்தே விட்டான். "ரெண்டும் ஒண்ணுன்னு வச்சுக்குங்க ஆன்டி! ரெண்டு தேங்காயும் ரெண்டு சீப்பும் சரிசமம். எங்க வேணும்னாலும் ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு. அப்ப உச்சியில ஒரே தட்டுதான்."

கெர்ட்ரூட் கண்ணை இடுக்கினாள். "இன்னிக்கு ரெண்டும்பீங்க, நாளைக்கு மூணு தேங்காய வைப்பீங்க. அத எந்தச் சட்டத்தால தடுக்குறது?"

"வேற சட்டமே வேணாம். மூணுல ரெண்ட எடுத்துட்டுப் பதிலா ரெண்டு சீப்பு வைங்க. இப்பத் தட்டுல என்னா?"

"ஒரு தேங்கா... ரெண்டு சீப்பு..."

"தேங்காயும் பழமும் ஒரே தட்டுல!"

"கவுந்துச்சு!" என்று தன்னை மறந்து கத்தினாள் கெர்ட்ரூட். கத்திய பிறகுதான், கவிழ்த்தது தன் சட்டமே என்பது அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல்கள் ஆடியதாக மாரிஸ் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தேங்காயோடு தேங்காய் சேர்ந்தது. சீப்போடு சீப்பு சேர்ந்தது. மிஞ்சியது கொர்னேலியஸ் கையிலிருந்த வெறுந்தட்டு.

"இதுக்கு எது துணை மாப்பிள்ள?" என்று கெர்ட்ரூட் கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே. அவங்க எதக் கொண்டாந்தாலும் சரி."

உர்சுலா வெளியே வந்தாள். இருப்பதிலேயே பெரிய தேங்காய்கள் இரண்டைப் பொறுக்கி, நிமிர்ந்து அவனைப் பார்த்தபடியே தட்டில் வைத்தாள். பாரத்தில் கொர்னேலியஸின் கை தாழ்ந்தது. சரிசமம் என்று இவ்வளவு நேரம் வாதாடியவனுக்குச் சீப்பையே கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது. ஆனாலும் தட்டைக் கீழே வைக்கவில்லை.