வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

அந்த அமெரிக்கக் குடும்பத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவர்கள் நெதர்லாந்துக்குக் குடிபோன முதல் வாரத்தில் பால் என்று நினைத்து மோர் வாங்கி வந்து, அதைக் காபியில் ஊற்றியது எனக்குத் தெரியும். மூத்த பையன் புதுப் பள்ளியில் பல நாள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தது தெரியும். சின்னவனுக்குக் காய்ச்சல் அடித்தபோது டாக்டர் வெறும் பாராசிட்டமால் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டதும், அந்த அம்மா வாசலில் நின்று சிரித்துக்கொண்டே அதைச் சொன்னதும் தெரியும். அவர் இதையெல்லாம் யூடியூபில் போட்டுக்கொண்டிருந்தார். நான் ராயபுரத்தில், மாமியார் வீட்டுச் சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் துறைமுகத்தில் கன்டெய்னர் கிரேன் பழுதுபார்க்கிறவர். அதே வேலை ரோட்டர்டாமில் கிடைத்துப் போனார். ஒரு வருஷத்தில் வீடு பார்த்து என்னையும் மகளையும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். இதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்ற எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான் சொன்னாரா, நான்தான் அப்படி எடுத்துக்கொண்டேனா என்று இப்போதெல்லாம் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். இதை மட்டும் விமான நிலையத்தில், மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சொன்னார்.

நான் எதற்கும் முன்கூட்டியே பயப்படுகிறவள். பயம் வந்தால் படிக்க உட்கார்ந்துவிடுவேன். பி.எஸ்சி. முடித்து, மகள் பிறக்கும்வரை மாதவரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். பாடம் தயாரிக்காமல் வகுப்புக்குள் நுழைந்ததில்லை. அந்த ஊரையும் அப்படித்தான் தயாரித்தேன். தெரியாத தேசத்தில் குழந்தையோடு போய் நின்று திருதிருவென்று விழிக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. அந்த அமெரிக்க அம்மா எனக்கு முன்னால் நடந்து போய், இங்கே பள்ளம், இங்கே மேடு என்று சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அங்கே குழந்தைகள் மத்தியானம் ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே சாக்லேட் தூள் தூவிச் சாப்பிடுவார்கள் என்றார். வாரத்தில் இரண்டு நாள் மகளுக்கு அதையே கொடுத்துப் பழக்கினேன். எல்லோரும் சைக்கிளில் போவார்கள் என்றார். நாத்தனாரின் பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கி, காலையில் கோயில் தெருவில் மட்டும் ஓட்டிப் பழகினேன். மெயின் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்கும். அங்கே போக எனக்குத் தைரியமில்லை. பிறந்தநாள் காலண்டரைக் கழிவறையில் மாட்டுவார்கள், தினமும் கண்ணில் படும் என்பதற்காக என்றார். நானும் வீட்டார் பெயர்களை எழுதி மாட்டினேன். மாமியார் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார்.

"இன்னாம்மா இது, எம்பேரைப் போயி கக்கூஸ்ல மாட்டிகினு கீற?"

நாத்தனார் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். கணவருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நான் பள்ளியில் வேலை செய்ததால் அவருக்கு நான் எப்போதும் டீச்சரு. யாராவது வீட்டுக்கு வந்தால் அங்கே காபியோடு ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடிவிடுவார்களாம் என்று ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் வரும்போதெல்லாம் வாசலிலிருந்தே கேட்பார். "டீச்சரு, இன்னிக்கி எனுக்கு ஒன்னா, ரெண்டா?"

சாயங்காலம் மாமியாரோடு உட்கார்ந்து ஜெபமாலை சொல்வோம். அதன் ஐந்து பத்துகளில் கடைசிப் பத்தை என் விசாவுக்காக ஒப்புக்கொடுக்கலாமா என்று கேட்டவள் நான்தான். அவர் மறுக்கவில்லை. மகளும் பழகிக்கொண்டாள். நாலாவது பத்து முடிந்ததும் அவளே, "இப்போ விசாவுக்கு" என்பாள். ஒரு நாளும் அது தவறியதில்லை. தவக்காலத்தில் மாமியார் அந்தக் கடைசிப் பத்துக்கு மட்டும் முழங்காலில் நின்றார். முட்டி வலிக்காரர். எனக்காக இவ்வளவு செய்கிறாரே என்று நெகிழ்ந்து போனேன்.

மார்ச் மாதம் மகளுடைய பள்ளியில் யு.கே.ஜி.க்குத் தொடர்கிறீர்களா என்று கேட்டார்கள். அந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. சீட்டு வாங்க நாங்கள் பட்ட பாடு தெருவுக்கே தெரியும். பங்குச் சாமியார் வரை போய்ச் சொல்லித்தான் கிடைத்தது. விட்டால் திரும்பக் கிடைக்காது. கணவரிடம் போனில் கேட்டேன். ஜூனில் நாங்கள் அங்கே இருப்போமென்றால் டிசி வாங்கிவிடட்டுமா, இல்லை ஒரு பாதுகாப்புக்குச் சீட்டை வைத்துக்கொள்ளட்டுமா என்று இரண்டையும் தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன்.

"டிசி வாங்கிடட்டுமா?"

"ம்."

அவ்வளவுதான். பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம் கேட்டது. வேலையில் இருக்கிறார், அதிகம் பேச முடியாது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் போய் டிசி வாங்கினேன். பள்ளித் தலைமைச் சகோதரி என்னைக் கூர்ந்து பார்த்து, நன்றாக யோசித்துத்தானே செய்கிறீர்கள் என்று கேட்டார். யோசிப்பதைத் தவிர நான் வேறொன்றும் செய்வதில்லை என்று சொல்லிச் சிரித்தேன்.

மே மாதம் மகளுக்கு ஐந்து வயது முடிந்தது. இந்த ஊரில் அவளுடைய கடைசிப் பிறந்தநாள் என்பதால் அதை அந்த ஊர்ப்படி கொண்டாட ஆசைப்பட்டேன். அங்கே பிறந்தநாள் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரும் உட்காருவார்கள். வருகிறவர் குழந்தைக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லி உட்கார்ந்துவிட முடியாது. வட்டத்தைச் சுற்றி வந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்து, உங்கள் மகளுக்காக வாழ்த்துகள், உங்கள் பேத்திக்காக வாழ்த்துகள் என்று சொல்ல வேண்டும். அமெரிக்க அம்மா இதைக் காட்டியபோது எனக்குக் கண்ணீரே வந்தது. ஒரு குழந்தை பிறந்ததற்கு அத்தையையும் தாத்தாவையும்கூட வாழ்த்துகிற ஊர் கெட்ட ஊராக இருக்க முடியாது என்று தோன்றியது.

பந்தல்காரரிடம் பிளாஸ்டிக் நாற்காலிகள் எடுத்தேன். மாதவரத்திலிருந்து என் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். மாமியார், அண்ணி, அண்ணியின் கணவர். ஒரு நாற்காலியில் தலையணை வைத்து போனைச் சாய்த்திருந்தேன். அது என் கணவருடைய இடம். வீடியோவில் அவர் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லோருக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். வாழ்த்துக்கான டச்சுச் சொல் தொண்டையிலிருந்து வர வேண்டும், யாருக்கும் வரவில்லை, அதனால் தமிழிலேயே சொல்லச் சொன்னேன். அதோடு நானாக ஒன்றைச் சேர்த்தேன். என்னிடம் வரும்போது மட்டும், மகளுக்காக ஒரு வாழ்த்தும் புது ஊருக்காக ஒரு வாழ்த்தும் சொல்ல வேண்டும்.

அப்பா முதலில் சுற்றி வந்தார். ஏதோ கல்யாண வரவேற்பில் நிற்பதுபோல் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினார். அண்ணியின் கணவர் போனுக்கும் கை நீட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தார். பிறகு அண்ணி எழுந்தார். என் அம்மாவுக்குச் சொன்னார், மாமியாருக்குச் சொன்னார், என் முன்னால் வந்து கையைப் பிடித்தார். "புள்ளைக்காக வாழ்த்துகள் டீச்சரு" என்றார். அடுத்ததைச் சொல்லவில்லை. கையையும் விடவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, புது ஊருக்கும் என்று எடுத்துக் கொடுத்தேன்.

அவர் திரும்பி, நாற்காலியில் இருந்த போனைப் பார்த்தார்.

"டேய், என் வாயால இத்த சொல்ல முடியாதுடா. நீயே சொல்லிடு அவகிட்ட."

அப்புறம் பேசலாம் அக்கா என்று கணவர் மெதுவாகச் சொன்னார்.

"இன்னா அப்புறம்? கிறிஸ்மஸ்லேர்ந்து அப்புறம் அப்புறம்னு சொல்லிகினு கீற. அது டிசி வாங்கிகினு வந்து நிக்குது."

மகள் தன் கையைத் தானே குலுக்கிக்கொண்டு, எனக்காக எனக்கு வாழ்த்துகள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் அம்மா கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

கிறிஸ்மஸுக்கு முன்பே அவர் வேலையை மேலும் இரண்டு வருஷத்துக்கு நீட்டித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். குடும்பம் வராது என்று சொல்லி, இன்னும் மூன்று பேரோடு ஒரு வீட்டில் இடம் எடுத்திருக்கிறார். விசாவுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அக்காவிடம் அன்றே சொல்லிவிட்டார். அம்மாவிடம், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்னால். என்னிடம் சொல்ல நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஏன் என்று கேட்டேன்.

"நீ தாங்க மாட்டம்மா. புள்ளைக்கி லேசா சூடு அடிச்சாலே நாலு தடவ போன் பண்ற. இங்க டாக்டர் மாத்திர கூட எழுதித் தரமாட்டான்னு நீதான சொன்ன? இங்க வந்து நீ பயந்து பயந்து செத்துடுவ. ஒனக்காகத்தான் யோசிச்சேன்."

நான் பயந்தது உண்மை. பயத்தால்தான் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். அதையே எடுத்து எனக்கு எதிராக அடுக்கி வைத்திருக்கிறார். ஆனால் அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்ற எண்ணம் உடனே வந்துவிட்டது. என் புத்தி அப்படி.

எல்லோரும் போனபின் மாமியாரிடம் ஒன்றுதான் கேட்டேன். தெரிந்துகொண்டே எப்படித் தினமும் என்னோடு உட்கார்ந்து விசாவுக்கு ஜெபித்தீர்கள்?

"நான் பொய்யா ஜெபிக்கலம்மா. அவன் மனசு மாறணும்னு கேட்டுகினு இருந்தேன்."

அதை நம்புகிறேன். நம்புவதால் கோபம் குறையவில்லை. மாதாவிடம் சொன்னதை எதிரில் உட்கார்ந்திருந்த என்னிடம் சொல்லியிருந்தால், மகளுக்கு ஒரு சீட்டாவது மிஞ்சியிருக்கும்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். சீட்டு நிரம்பிவிட்டது. தலைமைச் சகோதரி திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

ஒரு வாரம் கழித்துக் கணவர் ஒரு வீடியோ அனுப்பினார். அவர் அந்தச் சேனலைப் பார்த்ததே கிடையாது. எங்கிருந்தோ தேடி எடுத்திருக்கிறார். கீழே, பாரு, உன் அமெரிக்காக்காரியே தாங்க முடியாம ஊருக்குப் போயிட்டா என்று எழுதியிருந்தார். பார்த்தேன். அமெரிக்காவில் ஏதோ ஒரு வீட்டின் பின்வாசல். அந்த அம்மா இளைத்திருந்தார். குளிர்காலத்திலேயே திரும்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் முன்பே எடுத்து வைத்தவை. டாக்டரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்ன அன்று காரில் உட்கார்ந்து அழுதாராம். பிறந்தநாள் வட்டத்தில் உட்காரும்போதெல்லாம் யாரும் தன்னோடு பேச மாட்டார்களா என்று ஏங்குவாராம்.

எனக்கு அந்த அம்மா மீதும் ஆத்திரமாக வந்தது. பள்ளம் இங்கே, மேடு இங்கே என்று சொன்னவர், தான் விழுந்த இடத்தை மட்டும் சொல்லாமல் தாண்டிப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நம்பி நான் நாற்காலி போட்டேன். இருந்தும் வீடியோவைக் கடைசிவரை பார்த்தேன். பார்த்து முடித்தபோது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கணவருக்கு எழுதினேன்: அவங்க அங்க போய் இருந்து பார்த்துட்டு, அப்புறமாத்தான் முடியலைன்னு சொல்றாங்க.

கணவர் அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் வீடியோவில் வந்தார். மகளிடம் நீங்களே சொல்லுங்கள் என்று போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, கதவருகில் நின்றேன். அவர் கொஞ்ச நேரம் அவள் வரைந்த படத்தைப் பற்றிப் பேசினார். பிறகு, இந்த ஜூன் இல்லை செல்லம், அடுத்த வருஷம் கண்டிப்பா வரலாம் என்றார். அவள் குதித்தாள். வராந்தாவில் மாமியார் ஜெபமாலையை எடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷமும் நாலாவது பத்து முடிந்ததும், இப்போ விசாவுக்கு என்று இந்தக் குழந்தை சொல்லப்போகிறது என்று நினைத்தேன்.

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கும் என் முகம் தெரியும்படி உட்கார்ந்தேன்.

"இல்லடா. அடுத்த வருஷமும் இல்ல. அப்பா அங்க தனியாத்தான் இருக்கப் போறார். நாம இங்கதான்."

ஐந்து வயதுக் குழந்தையிடம் இப்படியா சொல்வது, அவர் சொன்ன பொய்யே மென்மையாக இருந்திருக்குமோ என்று இப்போதும் சில நாள் தோன்றுகிறது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள்.

"அப்போ நான் எந்த ஸ்கூலுக்குப் போவேன்பா?"

ஜெபமாலையோடு மாமியார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மகள் பதிலுக்காகப் போனை முகத்துக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ம்" என்றார் அவர்.