அப்பாவின் ஓவர்மாரோ

அப்பாவின் வருஷாப்திகத்துக்கு வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் அனைவருக்கும் நமஸ்காரம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தையிலேயே நின்றுவிட்டேன்.

பாலக்காட்டுப் பக்கம் பிறந்து, தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்து, மாட்டுங்காவில் நண்பர்களோடு ஓர் அறையில் தங்கி, ஃபோர்ட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் ஸ்டெனோவாகச் சேர்ந்தவர் அப்பா. அந்த ஆபீஸ் கடிதங்களில் போன மாதம் ‘அல்டிமோ’, வரும் மாதம் ‘ப்ராக்ஸிமோ’. அங்கே பிடித்தது பழைய ஆங்கில வார்த்தைப் பித்து. நடைபாதைக் கடைகளில் பழைய அகராதிகளாகத் தேடி வாங்கினார். செம்பூர் வீட்டில், நான் நேரம் கழித்து எழுந்தால் ‘ஸ்லக்அபெட்’. நாளை மறுநாள் என்றால் ‘ஓவர்மாரோ’.

“வெள்ளைக்காரன் இதைத் தொலைச்சுட்டு, இப்போ நாலு வார்த்தை போட்டுச் சொல்லிண்டிருக்கான். நமக்கு நாளன்னிக்குன்னா முடிஞ்சுது” என்பார்.

அம்மா விடமாட்டாள். “கேஸ் சிலிண்டர் புக் பண்றதும் ஓவர்மாரோதானா?”

அம்மா காலமான பிறகு அப்பாவே சமைத்து, எனக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவார். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. அப்படித்தான் என்னைப் படிக்க வைத்தார்.

ஐரோலியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மெயிலில் ஓவர்மாரோ என்று எழுதிவிட்டேன். வீட்டில் கேட்டு வளர்ந்ததால், எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை என்றே நினைத்திருந்தேன். ஆபீஸே சிரித்தது. ரொம்ப நாள் எனக்கு ‘ஓவர்மாரோ மேடம்’ என்றுதான் பெயர். அதன்பின் அந்த வார்த்தையை அப்பாவிடம் மட்டுமே சொல்வேன்.

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, செம்பூர் வீட்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்த்தோம். நான் இருந்தது ஐரோலியில். ஒரு நாள் காலை போனில், “எப்போ வரே?” என்று கேட்டார்.

“ஓவர்மாரோ, அப்பா.”

வேலை இருந்தது உண்மை. மறுநாளே போயிருக்கலாம் என்பதும் உண்மை.

அன்று மதியமே டாக்டர் கூப்பிட்டார். “உங்கள் அப்பாவின் நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தேன். மகள் எப்போது வருகிறாள் என்று கேட்டால், ‘ஓவர்மாரோ’ என்கிறார். அப்படி ஒரு வார்த்தை இருக்கிறதா?”

நான் மீட்டிங்கில் இருந்தேன். அந்த மெயிலைப் பார்த்து முதலில் சிரித்த மேனேஜர்தான் எதிரே உட்கார்ந்திருந்தார்.

“இல்லை டாக்டர், அப்படி ஒரு வார்த்தை கிடையாது” என்றேன்.

அதற்குப் பிறகு அப்பா எது சொன்னாலும், நினைவு தடுமாறுகிறது என்று நர்சிங் ஹோமில் “ஹாங் அங்கிள், ஹாங்” என்று தலையாட்டிவிட்டுப் போனார்களாம்.

சொன்ன நாளில் போய் நின்றேன். “நாளன்னிக்குன்னு சொன்னே, கரெக்டா வந்துட்டே” என்றார் அப்பா. ஓவர்மாரோ என்று சொல்லவில்லை, தமிழிலேயே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நேரம் கழித்து, “அப்படி வார்த்தையே இல்லைன்னு நீ சொன்னியாமே?” என்றார்.

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

“போறது போ. எனக்குத்தான் தப்பா ஞாபகம் இருக்கும்.”

இருக்கு அப்பா, நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கம். காலையில் டாக்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அப்புறம் அப்பாவிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் அப்பா இல்லை.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் காபியும் கஞ்சியும் சுமந்த பக்கத்து வீட்டு மாமிக்கும், கடைசி வரை அப்பாவுக்கு ஸ்பூனால் ஊட்டிய நர்ஸுக்கும், காரியங்களில் கூட நின்ற எங்கள் கட்டிடத்துக் குடித்தனக்காரர்களுக்கும் என் நன்றி. அக்கறையோடு கேட்ட அந்த டாக்டருக்கும் நன்றி. அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் இந்த மலரை எடுத்துப்போய், இதன் கடைசி வரிகளை நானே அவருக்குச் சொல்லப் போகிறேன்.

ஓவர்மாரோ என்று ஒரு வார்த்தை உண்டு, டாக்டர். நாளை மறுநாள் என்று அர்த்தம். அப்பா தெளிவாகத்தான் இருந்தார்.